பாடியில் அவிழ்ந்த இரண்டு கட்டுகள்

சென்ற மாதம் வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பேசி முடித்ததும் கம்ப்யூட்டர் துறையின் இளம் ஆசிரியர் ஒருவர் ஆய்வுக்கூடத்தைக் காட்ட அழைத்துப் போனார். குளுகுளு அறை, வரிசையாகத் திரைகள், மருந்துக்கும் தூசு இல்லை. “பசங்க புரோகிராம் எழுதி அனுப்பின அடுத்த நொடி மார்க் வந்துடும் சார். நடுவுல மனுஷங்க கையே படாது,” என்றார் பெருமையாக. அதைக் கேட்டதும் என் கையிலிருந்த காபி தளும்பிச் சட்டையில் கொட்டிவிட்டது. வயதான நடுக்கம் என்று நினைத்துக்கொண்டு அவர் பதறிப் போய் நாற்காலி போடச் சொன்னார். நடுக்கம்தான், ஆனால் வயதால் வந்ததில்லை.

“உங்க காலத்துல எப்படி சார் மதிப்பீடு பண்ணீங்க? எங்க கல்லூரி மலருக்கு எழுதிக் கொடுங்களேன்,” என்று கேட்டார். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். எழுத உட்கார்ந்தால் ஒரே ஒரு தேர்வுதான் நினைவில் வந்து நிற்கிறது. மற்றதெல்லாம் எங்கோ போய் ஒளிந்துகொள்கிறது. ஆகவே அதையே எழுதுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் விருப்பம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் பயந்தாங்கொள்ளி. தபால்காரர் மணியடித்தாலே ஏதோ மெமோ வந்துவிட்டது என்று நினைப்பவன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று என் மனைவி அந்தக் காலத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் சொல்வது சரிதான். ஆனால் சில சமயம் பேய் நிஜமாகவே இருந்துவிடுகிறது.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் மோட்டார் உதிரிப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை எங்களுடையது. அறுபதுகளின் நடுவில் ஸ்டோர்ஸ் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். கொரட்டூரில் வாடகை வீடு, தொழிற்சாலைக்கு சைக்கிள். நாலைந்து வருடத்தில் கார்டில் துளை போடும் இயந்திரங்கள் வந்தன. எண்களோடு எனக்குக் கொஞ்சம் சிநேகம் உண்டு என்று யாரோ சொல்லி, நகரத்துக்கு ஆறு மாதப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். போர்ட்ரான் என்ற கம்ப்யூட்டர் மொழியைக் கற்றுக்கொண்டு திரும்பியபோது என்னைப் பயிற்சி ஆசிரியராகவே ஆக்கிவிட்டார்கள். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. பாடம் நடத்தும்போது யாராவது எனக்குத் தெரியாததைக் கேட்டுவிடுவார்களோ என்று தினமும் வியர்க்கும். கம்ப்யூட்டர் வந்தால் வேலை போய்விடும் என்று வாசலில் கொடி பிடித்தவர்களைப் பார்த்தாலும் வியர்க்கும். அவர்கள் பயம் ஒரு பக்கம், என் பயம் ஒரு பக்கம்.

பயிற்சிப் பிரிவின் தலைவர் நாகராஜன் சார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. வெள்ளை அரைக்கைச் சட்டை, மேஜை மேல் ஒரே நீளத்தில் சீவிய மூன்று பென்சில்கள், வேறொன்றும் இருக்காது. அவர் அறைக்குப் போனால் நின்றுகொண்டுதான் பேச வேண்டும். நாமும் நிற்போம், சில சமயம் அவரும் எழுந்து நின்றுகொள்வார். நிற்கிறவரைக்கும் பிழைத்தோம் என்று அர்த்தம். “உக்காருங்க” என்று சொல்லிவிட்டால் காரியம் கெட்டது. உட்கார்ந்த பிறகு நாம் எது சொன்னாலும் “வேற?” என்று கேட்பார். அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லாமல் போகும் வரைக்கும் அந்த “வேற?” நிற்காது.

எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் பிரிவு தொடங்கப் போவதாக முடிவானது. அதற்குப் பன்னிரண்டு பேரை எடுத்து எட்டு மாதம் பயிற்சி கொடுத்தோம். பாதிப் பேர் தொழிற்சாலைக்குள்ளிருந்து வந்தவர்கள், பாதிப் பேர் வெளியாட்கள். கடைசியில் ஒரு தேர்வு. தேறியவர்களுக்குப் புதுப் பிரிவில் வேலை. தேறாதவர்களில் உள்ளாட்கள் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும், வெளியாட்கள் வீட்டுக்குப் போக வேண்டும். இரண்டாம் வாய்ப்பு கிடையாது.

அந்தப் பன்னிரண்டு பேரில் இருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருத்தி கஸ்தூரி. வேலப்பன்சாவடியில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள். பயிற்சிக்காக அந்த வேலையை விட்டுவிட்டு வந்திருந்தாள். அதிகம் பேசமாட்டாள், ஆனால் கரும்பலகையில் நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே தன் நோட்டில் வேறு விதமாக எழுதிக்கொண்டிருப்பாள். அது எனக்குக் கொஞ்சம் உறுத்தும்.

மற்றவன் ஏழுமலை. சென்னீர்குப்பத்துக்காரன். அவன் அப்பா வயலில் கூலி வேலை செய்தவர். அண்ணனும் அவனும் எங்கள் பிரஸ் ஷாப்பில் சேர்ந்தார்கள். இரும்புத் தகட்டை வைத்து மிதியை மிதித்தால் மேலிருந்து அச்சு இறங்கி வெட்டும். கை ஒரு நொடி தாமதித்தால் தகட்டோடு விரலும் போகும். ஏழுமலையின் அண்ணனுக்கு அப்படித்தான் வலது கையில் மூன்று விரல் போனது. அதற்குப் பிறகு ஏழுமலை ராத்திரிப் பள்ளியில் படித்து, எங்கள் நுழைவுத் தேர்வு எழுதி, பயிற்சிக்கு வந்து சேர்ந்தான். “எப்டியாவது இங்கயே ஒட்டிக்கினா போதும் சார். அந்த மிசினாண்ட திரும்பிப் போவ என்னால ஆவாது. சத்தம் கேட்டாலே கைய பாக்கெட்டுக்குள்ள உட்டுக்கிறேன்,” என்று ஒருநாள் சொன்னான். சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இனி தேர்வு முறை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இது விநோதமாக இருக்கும். புரோகிராமை முதலில் கோடிங் ஷீட் என்ற கட்டம் போட்ட தாளில் கையால் எழுத வேண்டும். பிறகு ஒரு வரிக்கு ஒரு கார்டு என்று இயந்திரத்தில் துளை போட வேண்டும். அறுபது வரி என்றால் அறுபது கார்டு. அந்த வரி கார்டின் மேல் விளிம்பில் பொடி எழுத்தில் அச்சாகியும் இருக்கும். கார்டுகளை வரிசையாக அடுக்கி ரப்பர் பேண்டு போட்டால் அதுதான் ஒருவருடைய கட்டு. எங்களிடம் கம்ப்யூட்டர் இன்னும் வரவில்லை. கட்டுகளை அட்டைப் பெட்டியில் வைத்து நகரத்தில் ஒரு நிறுவனத்துக்கு எடுத்துப் போய், அவர்கள் தரும் அரை மணி நேரத்தில் ஓட்டிப் பார்த்து, வரும் பிரிண்டைக் கொண்டுவர வேண்டும். விடை சரியாக வந்தால் தேர்ச்சி, ஓர் எண் தவறினாலும் தோல்வி. நடுவில் ஒன்றும் இல்லை. “மனுஷன் பொய் சொல்வான், பிரிண்ட் பொய் சொல்லாது,” என்பார் நாகராஜன் சார்.

கார்டு வரிசை மாறினால் புரோகிராமே மாறிவிடும். அடுப்பை மூட்டுவதற்கு முன்னால் தாளிக்கச் சொன்ன மாதிரி. அதனால் எல்லோரும் ஒரு காரியம் செய்வோம். அடுக்கிய கட்டின் மேல் விளிம்பில் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குச் சாய்வாகப் பென்சிலால் ஒரு கோடு இழுப்போம். கட்டு சிதறினாலும் கோட்டைப் பார்த்து அடுக்கிவிடலாம். சின்னப் பிள்ளைகூடச் செய்யலாம். ஆனால் இந்தத் தேர்வுக்கு மட்டும் நாகராஜன் சார் அதைத் தடுத்துவிட்டார். கோட்டின் சாய்வை வைத்து இது இன்னாருடைய கட்டு என்று திருத்துகிறவனுக்கு ஜாடை காட்டலாம் அல்லவா? வேண்டியவருக்கு ஒரு கண்ணில் வெண்ணெய், வேண்டாதவருக்கு மறு கண்ணில் சுண்ணாம்பு என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. ஆகவே கட்டில் எந்தக் குறியும் கூடாது. ஒவ்வொரு கார்டின் ஓரத்திலும் தேர்வு எண் மட்டும் இருக்கும். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் அவரிடம் ஒட்டிய உறையில் இருந்தது.

கேள்வி இதுதான். ஸ்டோர்ஸிலிருந்து ஒவ்வொரு பிரிவும் எடுத்துப் போன சாமான்களுக்கு ஒரு கற்றைக் கார்டு இருக்கிறது. ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு கூட்டுத்தொகை அச்சிட வேண்டும். கடைசியில் எல்லாப் பிரிவுக்கும் சேர்த்து மொத்தம் அச்சிட வேண்டும்.

தேர்வுக்கு மறுநாள் காலை பெட்டியை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். ஜீப் யாரோ அதிகாரியை அழைத்து வரப் போயிருந்தது. எனக்கு ஒதுக்கியிருந்த நேரம் பதினோரு மணி. தவறவிட்டால் அடுத்த நேரம் எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. பஸ்ஸில் ஏறி, இடம் கிடைத்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டிருந்தேன். பாடி அருகே ஒரு மாட்டு வண்டி குறுக்கே வந்தது. டிரைவர் பிரேக்கை அழுத்தினார். நான் முன் சீட்டில் முட்டிக்கொண்டேன், பெட்டி கீழே விழுந்து மூடி பறந்தது.

பன்னிரண்டில் பத்துக் கட்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு ரப்பர் பேண்டுகள் அறுந்தன. பஸ்ஸின் தரை முழுக்கக் கார்டு.

“இன்னா சார், சீட்டுக்கட்டா? பஸ்ல ஆட்டம் போடக் கூடாது, தெரியுமில்ல?” என்றார் கண்டக்டர்.

“யோவ், அந்தாளு மூஞ்சியப் பாரு, அழுவுற மாதிரி கீறாரு. பொறுக்கிக் குடுங்கய்யா,” என்று கூடைக்காரம்மா ஒருத்தி அதட்டினாள். உடனே பஸ்ஸே குனிந்தது. நல்ல ஜனங்கள். “இந்தா நைனா, இங்க ஒண்ணு கீது,” “சார், இத்தப் புடி,” என்று ஆளாளுக்கு எடுத்து, தட்டி, துடைத்து, சேர்த்து என் கையில் கொடுத்தார்கள். அவர்கள் அன்போடு நேராக்கி அடுக்கிக் கொடுக்கக் கொடுக்க வரிசை இன்னும் கலைந்துகொண்டே போனது. எந்தக் கார்டுக்குப் பின் எந்தக் கார்டு இருந்தது என்று இனி எந்தச் சாமியாலும் சொல்ல முடியாது.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். எண்ணிப் பார்த்தேன். எண்ணிக்கை குறையவில்லை. தேர்வு எண்ணை வைத்துப் பிரித்தேன், நான்காம் எண் ஒரு கட்டு, ஒன்பதாம் எண் ஒரு கட்டு. பெட்டியோடு தொழிற்சாலைக்குத் திரும்பியிருக்க வேண்டும். அலமாரியில் பூட்டி வைத்திருந்த கோடிங் ஷீட்டைப் பார்த்து அடுக்கியிருக்க வேண்டும். ஆனால் திரும்பினால் பதினோரு மணி போய்விடும். நாகராஜன் சார் அறையில் அந்த நாற்காலி என் கண் முன்னால் வந்தது. “உக்காருங்க. வேற?”

எட்டு மாதம் சொல்லிக் கொடுத்தவன் நான்தானே, என்ன எழுதியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா என்று நினைத்தேன். மேல் விளிம்பில் இருந்த வரிகளைப் படித்துப் படித்து அடுக்க ஆரம்பித்தேன்.

“டீ ஆறிப்போவுது சார். இன்னா அது, ஜாதகமா?” என்று கடைக்காரர் கேட்டார்.

“ஆமாம்ப்பா, ரெண்டு பேர் ஜாதகம்,” என்று சொல்லிவைத்தேன்.

நான்காம் எண் சுலபமாக இருந்தது. நான் வகுப்பில் சொன்ன அதே பாணி. கூட்டத் தொடங்கும் முன் மொத்தத்தைப் பூஜ்யமாக்கும் கார்டை எங்கே வைப்பது என்பதில் மட்டும் கை நின்றது. அதைப் புரோகிராமின் தலையில், ஒரே ஒரு தடவை செய்ய வேண்டும். அதுதான் சரி. அங்கே வைத்தேன். ஒன்பதாம் எண் குழப்பியது. நடுவிலுள்ள வரிகளை விட்டு வேறொரு வரிக்குத் தாவச் சொல்லும் கார்டு ஒன்று வேண்டாமல் கூடுதலாக இருந்ததுபோல் தெரிந்தது. எல்லோரும் சாமான் கார்டைப் படி, கூட்டு, அச்சிடு என்ற வரிசையில்தான் எழுதுவார்கள். இதையும் அப்படியே கொண்டுவந்தேன். அந்தத் தாவல் கார்டைக் கடைசியில், வழக்கமாக நான் எழுதும் இடத்தில் வைத்தேன். ஒரு மாதிரி பொருந்தியது. பக்கத்தில் இருந்த பெட்டிக்கடையில் புது ரப்பர் பேண்டு வாங்கிப் போட்டுக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். பதினோரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது உள்ளே நுழைந்தேன்.

பன்னிரண்டும் ஓடியது. பதினொன்றில் விடை சரி. ஒன்பதாம் எண்ணில் மட்டும் ஒவ்வொரு பிரிவின் கூட்டும் கொஞ்சம் கொஞ்சம் குறைந்திருந்தது. நான்காம் எண் தேறியதைப் பார்த்து அப்பாடா என்று இருந்தது. ஒன்பதாம் எண்ணைப் பார்த்து, எழுதியவர் தப்பாக எழுதியிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திரும்பும் வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் நாகராஜன் சார் உறையைப் பிரித்தார். நான்கு ஏழுமலை. ஒன்பது கஸ்தூரி.

ஏழுமலை தரையில் உட்கார்ந்துவிட்டான். தேறியதை நம்பவே அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. சாயங்காலம் அவன் அண்ணனே லட்டு வாங்கிக்கொண்டு வந்தார். மிச்சம் இருந்த இரண்டு விரலால் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டி, “உன் புண்ணியத்துல எந்தம்பி கை தப்பிச்சிது சார்,” என்றார். அந்த லட்டைத் தின்றேன்.

முடிவு வெளியானதும் அவரவர் கட்டையும் பிரிண்டையும் அவரவரிடம் திருப்பித் தருவது வழக்கம். கஸ்தூரி தன் கட்டை வாங்கி என் மேஜைக்கு எதிரில் நின்றபடியே ஒவ்வொரு கார்டாகத் தள்ளிப் பார்த்தாள். பாதியில் அவள் கை நின்றது. முன்னால் போனாள், பின்னால் வந்தாள்.

“வரிசை மாறியிருக்கு சார்,” என்றாள். “நான் அச்சிடுற பகுதியை முதல்ல வெச்சு, ஆரம்பத்துல மட்டும் அதைத் தாண்டிப் போற மாதிரி எழுதினேன். ஷீட்ல சரியாத்தான் எழுதினேன். அடுக்கும்போது நானே மாத்தி வெச்சிட்டேன் போல. அவசரத்துல...”

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்தத் தாவல் கார்டு வேண்டாத கார்டு இல்லை. அதுதான் அவளுடைய கெட்டிக்காரத்தனம். நான் அதை இடம் மாற்றியதால் ஒவ்வொரு பிரிவிலும் முதல் சாமான் கார்டு கூட்டலில் சேராமல் போய்விட்டது. அவள் எழுதியதைப் புரிந்துகொள்ள எனக்குப் படிப்பு போதவில்லை. என் அளவுக்கு அதை வெட்டிவிட்டேன்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆமாம்மா,” என்றேன். “அவசரத்துல அப்படி ஆகிறதுதான்.”

என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்கள் பல. இதைப் போல் கேவலமானது வேறில்லை. அவள் தலையாட்டிவிட்டு, கட்டுக்கு ரப்பர் பேண்டைப் போட்டு, கைப்பையில் வைத்துக்கொண்டு போனாள்.

மூன்று நாள் சோறு இறங்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் குறுகுறுக்கவில்லை, இடித்தது. என்ன என்று மனைவி கேட்டுக்கேட்டு ஓய்ந்துபோனாள். கஸ்தூரி தன் பள்ளிக்கூடத்துக்கே திரும்பிப் போக முடியுமா என்று விசாரித்தேன். அந்த இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள் என்று தெரிந்தது. நான்காம் நாள் காலை நாகராஜன் சார் அறைக்குப் போய் நின்றேன். கட்டு சிதறியதையும் டீக்கடையில் அடுக்கியதையும் கஸ்தூரியிடம் சொன்ன பொய்யையும் சொன்னேன்.

“உக்காருங்க,” என்றார்.

உட்கார்ந்தேன். மூன்று பென்சில்களில் ஒன்றை எடுத்து மற்ற இரண்டுக்கும் நேராக வைத்தார்.

“எத்தனை கட்டு அவிழ்ந்தது?”

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. கஸ்தூரியின் கட்டைப் பற்றி மட்டுமே நினைத்துக்கொண்டு போயிருந்தேன். அவர் கேட்ட அந்த நொடியில்தான் டீக்கடை பெஞ்சில் என் கை நின்ற இடம் நினைவுக்கு வந்தது. மொத்தத்தைப் பூஜ்யமாக்கும் கார்டு. சரியான இடம் எது என்று எனக்குத் தெரியும், அங்கே வைத்தேன். ஏழுமலை அதை எங்கே வைத்திருந்தான்? வகுப்பில் அவன் அந்தத் தப்பை இரண்டு மூன்று தடவை செய்திருக்கிறான். ஒவ்வொரு பிரிவு முடியும்போதும் மொத்தத்தையும் சேர்த்துத் துடைத்துவிடுவான்.

ஒன்று என்று சொன்னால் போதும். யாருக்கும் தெரியப் போவதில்லை. கஸ்தூரிக்கு நியாயம் கிடைத்துவிடும், ஏழுமலை பிழைத்துக்கொள்வான். வாயைத் திறந்தேன். நாகராஜன் சார் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டு சார்,” என்றேன்.

நேர்மையால் சொன்னேன் என்று எழுத ஆசைதான். ஆனால் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

“வேற?”

“நாலாம் நம்பர் சார். ஏழுமலை.”

அவர் எழுந்து அலமாரியைத் திறந்து இருவருடைய கோடிங் ஷீட்டையும் எடுத்தார். என்னைத் தொடவிடவில்லை. துளை போடும் பிரிவின் சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, ஷீட்டில் உள்ளபடியே, ஒரு புள்ளிகூட மாற்றாமல், இரண்டு கட்டும் புதிதாகப் போடச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, “நீங்க ரெண்டு பேருக்கு மார்க் போடலை. டீக்கடையில நீங்க ஒரு பரீட்சை எழுதினீங்க. ஒண்ணுல பாஸ், ஒண்ணுல பெயில். அதை அவங்க பேர்ல போட்டிருக்கோம்,” என்றார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் அவரே ஜீப்பில் போய் ஓட்டிக்கொண்டு வந்தார். கஸ்தூரியின் விடை கடைசி எண் வரைக்கும் சரி. ஏழுமலையின் பிரிவுக் கூட்டுகள் எல்லாம் சரி, கடைசி மொத்தம் மட்டும் தப்பு. கடைசிப் பிரிவின் தொகையே மொத்தமாக வந்திருந்தது.

கஸ்தூரியிடம் நான்தான் சொன்னேன். அப்படிச் செய்யச் சொன்னார் நாகராஜன் சார். அவள் கேட்டுவிட்டு, “நாலு நாளா நான் என் கையையே நம்பலை சார். காபி கலக்கும்போதுகூட சர்க்கரை போட்டேனா இல்லையான்னு ரெண்டு தடவை பார்த்தேன்,” என்றாள். அதற்குப் பிறகு பதினாறு வருடம் ஒரே கட்டடத்தில் வேலை செய்தோம். வணக்கம் சொல்வாள். வேலையைப் பற்றிப் பேசுவாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஏழுமலையை நாகராஜன் சார் அறைக்கு அழைத்தார்கள். அவனையும் உட்காரச் சொன்னார். தவறு எங்களுடையது, அதனால் இவனுக்கு இன்னொரு வாய்ப்புத் தர வேண்டும் என்று நிர்வாகத்துக்கு எழுதியிருப்பதாகச் சொன்னார். பென்சில் கோடு கூடாது என்ற விதி தன்னுடையது என்பதையும் அந்தக் கடிதத்தில் எழுதியிருந்தார். பிற்பாடு அதன் நகலை நான் பார்த்தேன். நிர்வாகம் ஒரே வரியில் பதில் போட்டது. விதி எல்லோருக்கும் ஒன்று. அதைச் சொல்ல மறுபடியும் அழைத்தபோது, ஏழுமலை சண்டை போடுவான், அழுவான், என்னைத் திட்டுவான் என்று நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றிருந்தேன். அவன் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“பிரஸ் ஷாப்புல எப்ப சார் ரிப்போர்ட் பண்ணணும்?”

எனக்கு ஒரு மெமோ கிடைத்தது. இரண்டு வருடம் மதிப்பீட்டு வேலையிலிருந்து விலக்கி வைத்தார்கள். தண்டனை என்றுதான் அதற்குப் பெயர், ஆனால் எனக்கு அது நிம்மதியாக இருந்தது. அடுத்த தேர்விலிருந்து பென்சில் கோடு கட்டாயமாயிற்று. சிதறிய கட்டை எந்தக் காரணத்துக்காகவும் திருத்துகிறவர் அடுக்கக் கூடாது என்றும் ஒரு விதி சேர்ந்தது. அந்த விதி வந்த கதையைப் புதிதாக வந்தவர்கள் என்னிடமே கேட்பார்கள். எனக்கு வேறு வேலை இருப்பதுபோல் எழுந்துபோய்விடுவேன்.

ஆனால் தொழிற்சாலையில் எழுந்து போக முடியாத இடம் கேன்டீன். பிரஸ் ஷாப்காரர்களுக்கும் எங்களுக்கும் சாப்பாட்டு நேரம் ஒன்றுதான். ஏழுமலை தட்டோடு வரிசையில் நிற்பான். நான் முகத்தைப் பார்க்கமாட்டேன், கையைத்தான் பார்ப்பேன். வலது கை ஐந்து, இடது கை ஐந்து. எண்ணி முடித்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கும். அவன் வராத நாளில் அவர்கள் ஷாப்பின் வாசல் வரைக்கும் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். அச்சு இறங்கும் சத்தம் தூரத்தில் கேட்கும்போதெல்லாம் என் விரல்கள் தாமாக மடங்கிக்கொள்ளும்.

நாலைந்து மாதம் கழித்து ஒருநாள் கைகழுவும் குழாயடியில் அவன் என் பக்கத்தில் வந்து நின்றான். ஈரக் கை இரண்டையும் என் முன்னால் விரித்துக் காட்டினான்.

“எண்ணிக்கோ சார். பத்தும் கீது,” என்றான். “தெனமும் பாக்குறியே, தெரியாதுன்னு நெனச்சியா?”

கழுவிய கையையே மறுபடியும் கழுவினேன்.

“ஒண்ணு கேக்கணும் சார். பரிச்ச எய்திட்டு ஊட்டுக்கு போவச்சொல்லவே, கரையான்சாவடியாண்ட பஸ்ஸுல எனக்குத் தெரிஞ்சிபோச்சி, அந்த சைபர் வரிய ஷீட்டுலயே எடம் மாத்தி எய்திட்டேன்னு. அன்னிக்கி ராவே அண்ணாத்தேகிட்ட சொல்லி அழுதுட்டேன். சரி, பிரஸ் ஷாப்புதான் நம்ப தலையெழுத்துன்னு மனச ஒரு மாரி தேத்திக்கினு வந்தேன். நீ பாஸுன்னுட்ட. லட்டெல்லாம் வாங்கினு வந்து...” குழாயை மூடினான். “ஒன்பதாம் நம்பர தப்பா அடுக்கின. அத்தப் போலவே என்னுதையும் தப்பா அடுக்கி உட்ருக்கலாமே சார். இன்னாத்துக்கு சார் என்னுத சரியா அடுக்கின?”

“பயந்துட்டேன்பா,” என்றேன். அது ஒன்றுதான் உண்மை.

சங்கு ஊதியது. அவன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

“நானும் பயந்துகினுதான் சார் கீறேன், தெனமும்,” என்று சொல்லிவிட்டு ஷாப்புக்குள் போனான்.